துண்டு போட்ட இருக்கை

ஐஸ் வண்டி ஒழுக்கிப் போன தண்ணீர்
பாம்பன் மெடிக்கல் வாசலில் காயவில்லை,
அதற்குள் பூமயில் வந்து நிற்கிறாள்.
விரல்களில் துணிச்சுற்று அவிழ்க்கவில்லை.
கழுத்தில் கடல் கண்ணாடி. காதோரம் உப்பு.
மடித்தது மடித்தபடி சீட்டை நீட்டுகிறாள்:
க்ளோமிஃபீன், ஐம்பது மில்லிகிராம்,
மூன்றாம் நாள் தொடங்கி ஐந்து நாள்.

நாலாவது மாதம்.
செய்தித்தாளில் சுற்றித்தான் தருவேன் எப்போதும்.
பாசி எடுக்கும் பெண்கள் கேட்டால்
சத்து மாத்திரை என்பாளாம்.

கல்லூரியில் இதை வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான்.
நடுவே இரண்டு கார்பன், இடையில் இரட்டைப் பிணைப்பு,
சுற்றிலும் மூன்று பென்சீன் வளையம்,
ஓரமாய் ஒரே ஒரு குளோரின்.
படகுப் பலகைக்கு ஒற்றை ஆணி அடித்தால் சுழலும்;
இரண்டு அடித்தால் அடித்த பக்கம்தான்.
அப்படித் திரும்பமுடியாமல் போனதால்
ஒரே பொருளுக்கு இரண்டு முகம்,
ஒரே மாத்திரைக்குள் இரண்டும்.
ஒன்று வேலை முடிந்ததும் கிளம்பிவிடும்.
மற்றது
கல்யாணம் முடிந்தும் ஊருக்குப் போகாத மாமா,
வாரக்கணக்கில் ரத்தத்தில் திரியும்.

"உள்ள போயி என்னதான் செய்யும் நிஷா?"
முதல் மாதம் கேட்டாள்.
ராமநாதபுரம் பஸ்ஸைச் சொன்னேன்.
ஜன்னல் வழியே துண்டு போட்டு
இடம் பிடித்துவிடும் இது.
ஈஸ்ட்ரோஜன் ஏறி வந்தால் உட்கார முடியாது.
மூளை எட்டிப் பார்க்கும்,
சரக்கே வரலையோ என்று பதறும்,
ஆளுக்கு மேல் ஆள் அனுப்பும் சூலகத்துக்கு.
அந்தத் தொந்தரவில்தான் ஒரு முட்டை திரளும்.
"அப்ப மூளைய ஏமாத்துறது."
"ஆமா."
"தூண்டில் மாதிரி" என்று சிரித்தாள்.

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான்
கடல் பாசிக்கு இடம் கொடுக்கும்.
அந்தப் பன்னிரண்டுக்குள் ஸ்கேன் வந்து விழும்.
போன தடவை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனாள்.
பத்தொன்பது மில்லிமீட்டர் என்றார்களாம்.
கட்டைவிரல் நகத்தைக் காட்டி
இம்புட்டு இருக்கும்ல, என்றாள்.
ஊசி போட்டார்கள். பதினாறாம் நாள்
தண்ணீருக்குள் இருக்கும்போதே தெரிந்துவிட்டதாம்.
பையை நிரப்பிக்கொண்டுதான் மேலே வந்தாளாம்.

இன்று பட்டையைக் கத்தரிக்கும்போது சொல்கிறாள்,
வேறு யாருக்கோ நடந்ததுபோல:
"போன மாத்திரையிலயே ஒண்ணு நடந்துச்சு.
பாறை ரெண்டாத் தெரிஞ்சிச்சு.
ஓரத்துல மினுமினுன்னு. சாளக் கூட்டம்னு நெனச்சேன்.
மேல ஏறி வந்தும் மின்னிச்சு."

கத்தரி நின்றது.
பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளில்,
எறும்பு எழுத்தில், கண் என்று ஒரு வரி உண்டு.
யாரும் படிக்காத வரி.
"குடுக்க மாட்டேன் பூமயிலு."

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.
இனி ஒரு மாத்திரையும் வேண்டாம்,
நாளைக்கே கண்ணைக் காட்டச் சொல்லுங்க என்றார்.
பிறகு தாள் புரளும் சத்தம்.
"அவங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கம்மா?
முதல் நாளே எழுதிக் குடுத்தேனே?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
பூமயில் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தாள்.
நம்புராஜன் அந்தச் சீட்டை
எங்க வம்சத்துல அந்தக் கொறை கிடையாது என்று
இன்ஜின் எண்ணெய் துடைத்துப் போட்டானாம்.
நாலு மாதம்
இவள் மூளையை மட்டும் ஏமாற்றிக்கொண்டிருந்தோம்,
நான், டாக்டரம்மா, அந்தக் குளோரின், எல்லோருமாக.

மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது
மூடி போட்ட சின்ன டப்பா.
துடைத்து எடுத்து
பழக்கத்தில் அதையும் செய்தித்தாளில் சுற்றினேன்.

வாங்கிப் பார்த்தாள். குலுக்கினாள்.
ஒன்றுமில்லாத சத்தம்.
"இதையும் அந்தாளுகிட்ட
சத்து மாத்திரைன்னு சொல்லிக்கிறவா?"

பாலத்தில் ரயில் வந்துகொண்டிருந்தது.
விரல் துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்து
நனைந்த பத்து ரூபாய்கள் மூன்றை
மேசைக் கண்ணாடியில் ஒட்டவைத்துவிட்டு
வெயிலுக்குள் போனாள்,
ஒரு கண்ணைப் பொத்தியும்
பிறகு மற்றதைப் பொத்தியும்
எதையோ சரிபார்த்துக்கொண்டு.